பதிவேட்டில் வந்துபோன பிள்ளை

அந்தத் தொட்டிலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்தது நான்தான். புதுப் பெயிண்ட் வாசனை அப்படியே இருந்தது. வாங்கி நாலு வருஷம் ஆகியிருந்தும் ஒரு குழந்தைகூட அதில் படுத்ததில்லை.

அறையின் கதவில் பச்சை எழுத்தில் 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதியிருக்கும். கதவைத் திறந்தால் கழித்துப்போட்ட கியர் பெட்டிகள் கூரை வரைக்கும் நிற்கும். பல் உடைந்தது, அளவு தவறியது, துரு ஏறியது என்று எல்லாமே ரிஜெக்ட். நான் குவாலிட்டியில் இருந்தேன். கழிப்பதுதான் என் வேலை. கழித்ததற்குச் சிவப்பு அட்டை கட்டி அந்த அறைக்கு அனுப்புவேன். ஆக, இத்தனை நாளாக அந்தக் காப்பகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பி வைத்தது நான்தான்.

அன்றைக்குப் பெட்டிகளை வெளியே தள்ளிவிட்டு, நானும் ரத்னம்மாவும் மண்ணெண்ணெய் ஊற்றித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். ரத்னம்மா காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவர், பேரிகைப் பக்கம். தமிழில் பேச ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் முடிப்பார். சுவரில் பெயிண்டர் ஒரு யானையைப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"இன்னாம்மா இது, ஆனைக்குத் தும்பிக்கையே காணோம்?"

"சாப்ட்டு வந்து வரையறேன்னு போனான்க்கா."

"அவன் சாப்ட்டது சாராயமா இருக்கும். இனி வரமாட்டான்."

அப்போதுதான் சம்பத் சார் உள்ளே வந்தார். கம்பெனியில் ஆள் சேர்ப்பது, லீவு கொடுப்பது, கொடுக்காமல் இருப்பது எல்லாம் அவர் கையில்.

"தனலட்சுமி, உனக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"என்ன வயசு?"

"மூணு ஆகப்போவுது."

"கரெக்ட் வயசு. எங்க இருக்கு?"

"ஊர்ல சார். விளாத்திகுளம் பக்கம்."

"கூட்டிட்டு வந்துரு. வியாழக்கிழமை ஆடிட். வெளிநாட்டுக் கஸ்டமர் வர்றாங்க. இந்த ரூம்ல பத்துப் புள்ளையாவது உக்காந்திருக்கணும்."

"லீவு?"

"போக வர எடுத்துக்க. சம்பளத்தோட."

இதே மனிதர்தான் சில மாதங்களுக்கு முன்னால் என் மகள் பவித்ராவுக்கு அம்மை போட்டபோது, "அங்க பாத்துக்க ஆள் இருக்குல்லம்மா, நீ போயி என்ன பண்ணப்போற" என்று லீவு லெட்டரைத் திருப்பித் தந்தவர். பிள்ளை கொதித்துக் கிடந்தபோது ஒரு நாள் கிடைக்கவில்லை. காட்சிக்கு வைக்க என்றதும் லீவு தானாக வந்தது.

போகும்போது ஒரு பதிவேட்டை நீட்டினார். ஆறு மாதமாகக் காப்பகத்துக்கு வந்துபோன பிள்ளைகளின் பட்டியல். பவித்ரா பெயரும் இருந்தது. தாயின் கையெழுத்து என்ற கட்டத்தில் நான் உட்கார்ந்து ஆறு மாதத்துக்கும் கையெழுத்துப் போட்டேன். நிஜம்போல் இருக்க வேண்டும் என்று மூன்று வேறு பேனா கொடுத்தார்கள். அம்மை போட்டுக் கிடந்த வாரமும் என் மகள் ஒரு நாள் தவறாமல் வந்திருந்தாள்.

அம்மா எங்கே, அப்பா எங்கே

இதை இந்த வாரம் எழுதக் காரணம் ஒரு கடிதம். விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிப் போனதைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதியிருந்தேன் அல்லவா. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'எல்லாம் சரி, அந்த நேரத்தில் உங்கள் குழந்தை எங்கே இருந்தது?'

என் வீட்டுக்காரரும் வேறொரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போனதை அதே கட்டுரையில்தான் எழுதியிருந்தேன். அவர் பஸ்ஸில் தூங்கியபோது குழந்தை எங்கே இருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவருக்குக் குழந்தை உண்டு என்பதே பலருக்குத் தோன்றாது போலிருக்கிறது.

பதில் சொல்கிறேன். ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். ஒரே அறை. வரிசையில் எட்டு வீடு, எல்லாரும் தெற்கத்திச் சனம், எல்லாரும் கம்பெனி வேலை. எட்டில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் ஊரில் வளர்ந்தன. சுவரில் பிள்ளையின் போட்டோ மாட்டியிருக்கும். பொங்கலுக்குப் போனால் அந்தப் பிள்ளை நம்மைப் பார்த்துப் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளியும்.

பவித்ராவைப் பதினோராவது மாதத்தில் என் வீட்டுக்காரரின் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மதினிக்குப் பிள்ளை இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டார். பவித்ரா அவரை அம்மா என்று கூப்பிட்டாள். என்னை 'ஓசூரம்மா' என்றாள். ஓசூரிலிருந்து பிஸ்கட் கொண்டுவருகிற ஒரு அம்மா.

கம்பெனியில் காப்பகம் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் காப்பகம் வேண்டும் என்பது சட்டம். எங்கள் கம்பெனிப் பட்டியலில் சரியாக முப்பது பெண்கள். அதற்கு மேல் எத்தனை பேர் வந்தாலும் காண்ட்ராக்டர் பெயரில் போய்விடுவார்கள். வரைபடத்தில் மட்டும் அறை இருந்தது. படம் பாஸாக வேண்டும் என்பதற்காகக் கட்டிய அறை.

துரைக்கு என்ன நோய்

அந்த ஆடிட்டுக்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் கம்பெனிக்குப் புது கிரைண்டிங் மெஷின் வந்தது. மெஷினோடு அதை நிறுத்தி ஓட்டிக் காட்ட ஒரு ஜெர்மன் இன்ஜினியரும் வந்தார். காத்ரின். பெண். ஆறடி உயரம், கூலண்ட் எண்ணெயில் முழங்கை வரைக்கும் நனைந்துகொண்டு வேலை செய்கிற பெண். கூடவே புருஷன் மார்ட்டினும் இரண்டரை வயசுப் பையன் லூக்காஸும்.

மார்ட்டின் வாத்தியார். பெண்டாட்டிக்கு வெளிநாட்டு வேலை கிடைத்ததும் லீவு போட்டுவிட்டுப் பிள்ளை வளர்க்க வந்துவிட்டார். ஓசூர் இதை எப்படித் தாங்கும்.

முதல் வாரமே பேச்சு கிளம்பியது. சும்மா வீட்டில் இருக்கிற ஆம்பளைக்கு ஏதோ நோய் இருக்க வேண்டும். காய்கறிக் கடையில் இதயம் என்றார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் கிட்னி என்றார்கள். அவர்கள் தெருவில் ஒரு ரெட்டியார் வீட்டம்மா தினமும் ராகிக் கஞ்சி கொடுத்துவிட்டார். மார்ட்டின் எல்லாக் கஞ்சியையும் குடித்துவிட்டு, இந்த ஊரில் எல்லாரும் எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரத்னம்மாவின் கணக்கு வேறு. "நோவும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தம்மா ஒசரத்தப் பாத்தியா? வேலைக்குப் போன்னு சொன்னா இவன் போவான், வூட்ல இருன்னு சொன்னா இருப்பான். பாவம் தொர."

எல்லாருக்கும் துரை பாவம். ஆனால் காத்ரினை யாரும் நேரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளைத் தோல். "மேடம் எவ்ளோ பிரில்லியன்ட், குழந்தையும் வச்சுக்கிட்டு" என்று சம்பத் சார் உருகுவார். அதே வாயால் என்னிடம், "பெத்த புள்ளைய ஊர்ல போட்டுட்டு எப்படிம்மா சோறு எறங்குது" என்பார். நானும் அவளும் ஒரே மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

நாட் ஓகே

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மூன்று. ஓகே, நாட் ஓகே, ரீவொர்க். அதை வைத்தே காத்ரினோடு பாதி நாள் ஓட்டிவிடலாம். மீதிக்குக் கை இருக்கிறது.

ஒரு நாள் டீ நேரத்தில் பவித்ராவின் போட்டோவைக் காட்டினேன். எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். தெற்கே கையைக் காட்டினேன். எவ்வளவு தூரம் என்றாள். பஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்க என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஹவ் கேன் எ மதர்..." என்று ஆரம்பித்தாள். முழுதும் புரிய வேண்டிய அவசியம் இல்லை. சம்பத் சார் தமிழில் கேட்டதை இவள் இங்கிலீஷில் கேட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸை மெஷின் மேலேயே வைத்துவிட்டேன். மெஷின் மேல் டீ வைத்தால் அவளுக்குப் பிடிக்காது, தெரிந்தேதான் வைத்தேன்.

"யூ... ஹஸ்பண்ட்... ஹவுஸ்," என்றேன். "மீ, ஹஸ்பண்ட், ஷிப்ட். மீ, ஷிப்ட். பேபி, ஹூ? நோ பீப்பிள். யூ நாட் ஓகே. யுவர் கொஸ்டின் நாட் ஓகே."

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "ஏம்மா, வெளிநாட்டுக்காரங்ககிட்ட" என்று இழுத்தார். "நீங்க உங்க வேலையப் பாருங்க சார்" என்றேன். மீதிக் கோபம் அவருக்குப் போயிற்று.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த சூப்பர்வைசரையே மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுடைய ஊரில் பிள்ளைக்கு மூன்று வயசாகிறவரை தாய் வீட்டில் இருந்தாக வேண்டுமாம். அதற்கு முன்னால் வேலைக்குப் போனவளை ரொட்டிக் கடையில்கூட ஒரு மாதிரி பார்ப்பார்களாம். மாமியார் போன் போட்டால் இவளோடு பேசுவதே இல்லையாம், மகனிடம் மட்டும் குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாராம்.

"இந்தியாவுல ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சு வந்தாங்களாம்," என்றார் சூப்பர்வைசர். "ஆனா அவங்களே உன்னக் கேட்டுட்டாங்களாம். ஸாரி சொல்றாங்க."

நான் மெஷின் மேல் வைத்த டீக்கு ஸாரி சொன்னேன். பிறகு, ஊர் அவள் புருஷனுக்கு என்னென்ன நோய் வைத்திருக்கிறது என்று சூப்பர்வைசரை விட்டே சொல்ல வைத்தேன். கிட்னி வந்ததும் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராகிக் கஞ்சியை மட்டும் நிறுத்திவிடச் சொல்லாதே, மார்ட்டினுக்கு அது பிடித்துப்போய்விட்டது என்றாள்.

சர்க்கஸ்

லீவு போட்டு விளாத்திகுளம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மதினி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"ஒரு நாளைக்கா? ஏ புள்ள, என்ன சர்க்கஸ்ல காட்டப் போறியா?"

"கம்பெனில கேக்காக மதினி."

"கம்பெனி கேட்டா எதையும் குடுத்துருவியோ. சரி, சனிக்கிழமை இங்கன இருக்கணும் பாத்துக்க. அவளுக்குச் சளி புடிச்சா அங்கன யாரு பாப்பா?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பவித்ரா என்னோடு நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள், விருந்தாளியோடு இருப்பதுபோல. விடிந்து ஓசூரில் இறங்கியதும் குளிரில் பல் கிட்டியது. "இங்க ஃபேன் ரொம்ப ஓடுது" என்றாள்.

ஆடிட் அன்றைக்கு அறையில் பதினோரு பிள்ளைகள். சம்பத் சாரின் அக்கா பிள்ளைகள் இரண்டு, செக்யூரிட்டி மாரப்பாவின் பேரன், ரத்னம்மா தெருவிலிருந்து நாலு. ரத்னம்மாவுக்கு நீலச் சேலை கட்டி ஆயா ஆக்கியிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சம்பத் சார் மார்ட்டினையும் லூக்காஸையும் வரச் சொல்லியிருந்தார். எங்கள் கம்பெனிக் காப்பகம், உங்கள் பையனையும் அழைத்து வாருங்கள் என்று சொன்னாரே தவிர, ஒரு நாள் கூத்து என்று சொல்லவில்லை. மார்ட்டின் பாயில் உட்கார்ந்து குதிரையாகிவிட்டார். பேரிகைப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறின.

ஆடிட் பண்ண வந்த அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து பவித்ரா, "அம்மாட்ட போணும்" என்று அழ ஆரம்பித்தாள். லைனில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். ஓடினேன்.

"இந்தா பாரு, அம்மா வந்தாச்சு," என்றார் சம்பத் சார்.

பவித்ரா என்னைப் பார்த்தாள். "இது ஓசூரம்மா," என்றாள். நான் தூக்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கை நாறுது," என்றாள். கூலண்ட் எண்ணெய் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மா கேட்டார். யானை பிடித்திருக்கிறதாம் என்று சம்பத் சார் மொழிபெயர்த்தார். தும்பிக்கை இல்லாத அந்த யானையைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா காகிதத்தில் டிக் அடித்தார்.

நான் லைனுக்குத் திரும்பிப் போய் நல்ல கியர் ஒன்பதைக் கழித்துவிட்டேன். கண் தெரியவில்லை. பிறகு எடுத்து மறுபடியும் பார்த்தேன்.

மறுநாள் எட்டு மணி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ். என் வீட்டுக்காரருக்கு லீவு, அவர் பவித்ராவைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. நான் காலையில் வேலைக்கு வந்துவிட்டேன். அறைக்கு வெளியே ரிஜெக்ட் பெட்டிகள் தள்ளுவண்டியில் தயாராக நின்றன.

சரியாக எட்டு மணிக்கு மார்ட்டின் கேட்டில் வந்து நின்றார். ஒரு கையில் லூக்காஸ். மறு கையில் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், மாற்றுத் துணி.

மாரப்பா உள்ளே போன் போட்டார். நான் பக்கத்தில்தான் கார்டு அடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், தொர பையனோட வந்திருக்காரு. இஸ்கூலுங்கறாரு."

போனுக்குள் ஏதோ கத்தல்.

"இன்னைக்கு லீவுன்னு நான் எந்த பாஷைல சொல்றது சார்? நீங்களே வாங்க."

சம்பத் சார் வந்தார், சிரித்தார், வேர்த்தார், முதலாளிக்குப் போன் போட்டார். மெஷினை முழுதாக ஓட்டிக் காட்டி முடித்துக் காத்ரின் கையெழுத்துப் போடுகிறவரை அந்தக் குடும்பத்தின் முகம் கோணக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெட்டிகள் சுவரோரம் ஒதுங்கின. கூட்டிக்கொண்டிருந்த ரத்னம்மாவை மறுபடி நீலச் சேலை கட்டச் சொன்னார்கள்.

"நாளைக்கும் தொர வந்தா?" என்று ரத்னம்மா கேட்டார்.

"வந்தா தொறங்க," என்றார் சம்பத் சார், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் சூப்பர்வைசரின் போனைப் பிடுங்கி எங்கள் வரிசைக்குப் பக்கத்துக் கடைக்குப் போட்டேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

"பவித்ராவக் கூட்டிட்டு கம்பெனிக்கு வாங்க."

"சாயங்காலம் பஸ்ஸு. துணியெல்லாம் மடிச்சு வச்சாச்சே."

"பிரிச்சு வைங்க."

மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு பவித்ரா வந்து இறங்கினாள். சம்பத் சார் கேட்டிலேயே மறித்தார்.

"ஏம்மா தனலட்சுமி, அது வேற, இது வேற. அவங்க கெஸ்ட்டு."

"எம்புள்ள ஆறு மாசமா இங்க வருது சார்."

"என்ன வெளையாடுறியா?"

"நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க. மூணு பேனால நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்த ரிஜிஸ்தர நேத்து ஆடிட்காரங்க காப்பி எடுத்துட்டுப் போயிருக்காங்க. இத்தனை நாள் ஒரு நாள் விடாம வந்த புள்ள. ஆடிட் முடிஞ்ச மறுநாள் ஆப்சென்ட் ஆனா நல்லாவா இருக்கும்?"

மாரப்பா வானத்தைப் பார்த்தார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சம்பத் சார் ஒதுங்கி வழிவிட்டார்.

பல நாள் கழித்துக் காத்ரினிடம் கேட்டேன், மார்ட்டினுக்கு அது ஒரு நாள் கூத்து என்று தெரியுமா என்று. தெரியாது என்றாள். உனக்கு? என்றேன்.

"ஐ நோ ரிஜெக்ட் ரூம்," என்றாள். இரண்டு மாதமாக அந்த அறையைப் பெட்டிகளோடு பார்த்தவள். காலையில் டிபன் பாக்ஸைக் கட்டி அனுப்பியதும் அவள்தான்.

சிவப்பு அட்டை

காத்ரின் கிளம்புகிறவரை எட்டு மாதம் ஓடியது அந்தக் காப்பகம். வெள்ளைக்காரர் பிள்ளை போகிற இடம் என்றதும் காண்ட்ராக்ட் பெண்களும் தைரியமாகக் கூட்டி வந்தார்கள். பதினாலு பிள்ளைகள் ஆயிற்று. லூக்காஸ் தெலுங்கில் திட்டக் கற்றுக்கொண்டான்.

பவித்ராவை அனுப்பவில்லை என்று தெரிந்ததும் மதினி கிளம்பி வந்துவிட்டார். நாலு நாள் இருந்தார். என்னோடு சண்டை போடவில்லை. கிளம்புகிற அன்றைக்குத்தான் கேட்டார்.

"பதினோரு மாசத்துல தந்த. இப்ப வேணும்னதும் வாங்கிக்கிட்ட. நான் என்ன காப்பகமா?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே போனேன்.

காத்ரின் குடும்பம் ஊருக்குப் போனது ஒரு சனிக்கிழமை. வழியனுப்பு விழாவில் சம்பத் சார், தாயாகவும் இன்ஜினியராகவும் ஒரே நேரத்தில் இருக்கும் அந்தப் பெண்மணியை எங்களுக்கெல்லாம் முன்மாதிரி என்று பேசினார். திங்கள்கிழமை காலையில் பிள்ளையோடு வந்தால், காப்பக வாசலில் ரிஜெக்ட் பெட்டிகள்.

"அடுத்த ஆடிட்டுக்கு இன்னும் நாள் இருக்குல்லம்மா," என்றார்.

எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு. கழித்த சாமானை எந்த இடத்தில் வைப்பது என்று சிவப்பு அட்டையில் குவாலிட்டி ஆள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் ஒரு பெட்டியை நகர்த்த முடியாது. முதலாளியே சுவரில் எழுதி மாட்டிய விதி. இடம் என்ற கட்டத்தில் 'நாட் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு பெட்டிக்கும். குவாலிட்டியில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் அதையே எழுதினார்கள்.

காப்பக வாசலுக்கு எதிரேதான் சம்பத் சார் அறை; பெட்டிகள் அவர் கதவுக்கு வெளியே பதினோரு நாள் நின்றன. எண்ணெய் வடிந்து கதவுக்கு அடியில் போனது. பன்னிரண்டாம் நாள் கேன்டீனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள், ரிஜெக்டுக்கு. அறை பிள்ளைகளுக்கே ஆயிற்று. எனக்கு அந்த வருஷம் முழுக்க மோசமான ஷிப்டாகப் போட்டுத் தள்ளினார்கள். போட்டால் போடட்டும் என்று இருந்தேன். ரத்னம்மா நீலச் சேலையைக் கழற்றவில்லை. யானைக்குத் தும்பிக்கையை அவரே கரித்துண்டால் வரைந்தார். பாம்பு மாதிரி இருந்தது.

பவித்ரா வளர்ந்துவிட்டாள். அவள் கைப்பேசியில் 'அம்மா' என்றிருப்பது மதினியின் எண். என் எண் இப்போதும் 'ஓசூரம்மா'தான்.

குழந்தை எங்கே இருந்தது என்று கேட்ட வாசகருக்கு: முதல் ஆறு மாதம் பதிவேட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு என்னோடு.